செயலியை மூடினால் சொற்கள் மறைகின்றன: பதில்

தொடக்கநிலை 4 படிக்கும் மகளுக்காக பிளாக்குகளை இணைத்துச் செயலி உருவாக்கும் ஆப் இன்வென்டரில் சொல்வதெழுதுதல் செயலி செய்தேன், மூடித் திறந்தால் சேர்த்த சொற்கள் எல்லாம் காலி என்று எழுதியிருந்தீர்கள். நல்ல முயற்சி, விட்டுவிடாதீர்கள். சொற்பட்டியலை வைத்திருக்கும் குளோபல் மாறி செயலி ஓடும்வரைதான் நினைவில் நிற்கும்.

ஸ்டோரேஜ் பகுதியிலிருந்து, தரவைத் தொலைபேசியிலேயே சேமித்துவைக்கும் டைனிடிபியை இழுத்துப் போடுங்கள். பட்டியலில் சொல்லைச் சேர்க்கும் பிளாக்கின் கீழேயே சேமிக்கும் பிளாக்கான ஸ்டோர்வேல்யூ வையுங்கள், டேக் (சேமித்ததைத் திரும்ப எடுக்க உதவும் பெயர்) 'சொற்கள்'. அப்புறம் செயலி திறந்ததும் ஓடும் ஸ்கிரீன்1 இனிஷியலைஸில் அதே டேகைக் கெட்வேல்யூவால் எடுத்து மாறியில் ஏற்றுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். தெம்பனிஸ் நூலகத்தில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நான் தேடியது இதைத்தான். கெட்வேல்யூவின் கடைசி இடத்தில், அதாவது இன்னும் எதுவும் சேமிக்காதபோது தரவேண்டிய மதிப்புக்கான இடத்தில், வெற்று எழுத்து பிளாக் தானாகவே ஒட்டியிருக்கும். அதைக் கழற்றி, வெற்றுப் பட்டியல் பிளாக்கை மாட்டுங்கள். இல்லையென்றால் முதல் சொல்லைச் சேர்க்கும்போதே பிழைச்செய்தி வரும்.

கம்பேனியனில் (செயலியை நிறுவாமலே தொலைபேசியில் ஓட்டிப் பார்க்க உதவும் செயலி) சோதிக்கும்போது உங்கள் செயலிகள் எல்லாம் ஒரே டைனிடிபியைப் பகிர்ந்துகொள்ளும். வேறு செயலியின் பழைய தரவு எட்டிப்பார்த்தால் பதறவேண்டாம். ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டில் நிறுவும் கோப்பு, ஆக்கி நிறுவினால் தனியாகிவிடும்.

மகள் தவறவிடும் சொற்களை இன்னொரு டேகில் சேமித்துப் பாருங்கள். சோதனைக்கு முந்திய இரவு அவற்றை மட்டும் கேட்கலாம். சரியாக வரவில்லை என்றால் பிளாக்குகளின் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.