கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் கூலர் வாங்கிப் போட்டால் பிரயோசனம் உண்டா?

கேட்டவர் கல்முனைத் தம்பி ஒருவர். தன்னிடம் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கார்ட் இருக்கிறதாம், கேம் விளையாடும்போது 83 டிகிரியில் நிற்கிறதாம். வேறு கூலர் வாங்கினால் குறையுமா, குறைந்ததை எப்படிச் சோதித்து அறிவது என்று கேட்டிருக்கிறார்.

குறையும் தம்பி. ஆனால் குறைந்தது என்று நீங்கள் பார்க்கப்போகும் கணக்கில் பாதிக்கு மேல் கூலருக்குச் சேராது. நான் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குக் கல்லடி. கலியாண வீடியோ எடிட் பண்ணுவது தொழில். என் கார்ட் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 2017இல் வந்த ரகம், 185 வாட் இழுக்கும். பாவித்த கார்டாகத்தான் வாங்கினேன். முந்திய சொந்தக்காரர் அதை எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தோண்ட இரவு பகலாக ஓடவிட்டிருப்பார் என்று பிறகு சந்தேகம் வந்தது, அந்தளவுக்குத் தூசி. ஒரு ஃபேன் கொஞ்சம் முனகும். ஒரு ஆடி மாதம், பகல் இரண்டரை மணிக்கு ஒரு நீள வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் பார்த்தால் 84 டிகிரி. ஃபேன் நிமிடத்துக்கு 2700 சுற்று சுற்றி ஓலமிடுகிறது.

ஆடி மாதத்துப் பகல் என்றால் மட்டக்களப்பில் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கச்சான் காற்று என்று ஒன்று அடிக்கும் (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை). தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். சீட் போட்ட கூரைக்குக் கீழே இருந்தால் உங்களுக்கே 84 டிகிரி மாதிரி இருக்கும்.

கட்டாரில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது ரைஜின்டெக் மொர்பியஸ் கூலர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். 12 ஹீட் பைப் (சிப்பின் சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள பெரிய உருப்படி. அதோடு ஃபேன் வராது, இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் தனியாக வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்து, அந்தக் கார்டை நான் வாங்கிய காசில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் வந்து சேர்ந்தது கார்த்திகையில். மழை விட்ட ஒரு இரவு பூட்டி முடித்து, அதே வீடியோவை ஓடவிட்டேன். 56 டிகிரி! சத்தமும் இல்லை. 28 டிகிரி குறைந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அதில் ஒருவன் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறவன். பாராட்டுவான் என்று பார்த்தால், "அண்ணன், ரெண்டு தரமும் அறைச் சூடு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டான்.

நான் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

கூலர் சூட்டை அழிக்கிற சாமான் இல்லை. சிப்பில் இருக்கிற சூட்டைக் காற்றுக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் சிப்பின் வெப்பநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது. அறை 7 டிகிரி ஏறினால் கார்டும் ஏறத்தாழ 7 டிகிரி ஏறும். ஆகவே கார்ட் காட்டும் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து வருகிற எண்தான் கூலரின் எண். சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி அடுத்த நாள் இரவு அளந்தேன், 27. மறுவருஷம் ஆடியில் அதே நேரம், அதே கதிரைக்குப் பக்கத்தில் அளந்தேன், 34. அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் பழைய கூலர் அறையை விட 50 கூட, மொர்பியஸ் 29 கூட. 28 என்று நான் கொட்டமடித்தது 21 ஆகிவிட்டது. 7 டிகிரியைக் கார்த்திகை மழை குறைத்திருக்கிறது.

அந்தப் பொடியன் அதோடும் விடவில்லை. "பழைய கூலரைக் கழுவிப் புதுப் பேஸ்ட் போட்டா பாத்த? ஊத்தைக் கூலரையும் புதுக் கூலரையும் ஒண்டா நிறுத்திறது நியாயமா?" என்றான். (பேஸ்ட் என்பது சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பசை.) எரிச்சல் வந்தது. ஆனால் கேட்டது சரி. மொர்பியஸைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் பூட்டினேன். ஒரு கிழமை இரவுகள் இதிலேயே போனது, வீட்டில் வாங்கிய பேச்சுத் தனிக்கதை.

சோதித்த விதத்தை விளக்கமாகச் சொல்கிறேன், நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். நேரம் எப்போதும் இரவு பத்து மணிக்குப் பிறகு, அப்போது அறைச் சூடு அதிகம் ஏறி இறங்காது. வெப்பமானியைக் கணினியின் கேஸுக்கு முன்னால், காற்று உள்ளே போகும் பக்கம் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் வெளியே வரும் சூட்டைத்தான் அளப்பீர்கள். கேஸின் பக்கக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டு ஒருதரம் பார்த்தேன், அது மட்டுமே 6 டிகிரி குறைத்தது. ஒரே வேலையைக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரே வீடியோவை அடுத்தடுத்து எக்ஸ்போர்ட் போடுவது. உங்களுக்கு யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருள் போதும், இலவசம், தானே திரும்பத் திரும்ப ஓடும். ஃபர்மார்க் வேண்டாம், அது எந்தக் கேமும் கொடுக்காத சுமையைக் கொடுக்கும், உங்கள் கார்ட் மின்சார எல்லையில் முட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மறுகா எதை அளக்கிறோம் என்றே தெரியாது. 25 நிமிடம் ஓடவிட்டு, கடைசி ஐந்து நிமிடச் சராசரியை மட்டும் எடுங்கள். முதல் பத்து நிமிடம் ஹீட்சிங்க், அதாவது கூலரின் உலோகப் பகுதி, சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும், அந்த எண் பெறுமதியில்லாதது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் எல்லாவற்றையும் கோப்பில் எழுதி வைக்கும்.

சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். அது கேஸுக்குள் காற்றை ஊதிவிட்டால் கணக்குப் பிழைக்கும். 25 நிமிடம் வியர்த்து ஊற்ற இருந்து பார்த்தேன், வேறு வழியில்லை.

ஒன்றையே மூன்று இரவு திரும்பச் செய்து பார்த்ததில் எண்கள் ஒன்றரை டிகிரி அங்கால இங்கால போய்வந்தன. ஆகவே 3 டிகிரிக்குக் குறைந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்று நான் எடுப்பதில்லை. இணையத்தில் ஆட்கள் இரண்டு டிகிரிக்குச் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சரி, என்ன வந்தது? தூசியை எடுத்து, காய்ந்து பொருக்காகிக் கிடந்த பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டதும், பழைய கூலரே அறையை விட 50 கூட இருந்ததிலிருந்து 41 கூட என்று வந்தது. ஒரு குழாய் பேஸ்ட்டின் செலவு.

அடுத்தது வோல்டேஜ். கொம்பனிக்காரர் எல்லாக் கார்டும் வேலை செய்ய வேண்டும் என்று தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். என் கார்டில் 1150 மில்லிவோல்ட் இருந்தது. ஏஎம்டியின் சொந்த மென்பொருளிலேயே படிப்படியாக இறக்கி 1060இல் நிறுத்தினேன், வேகத்தைத் தொடவில்லை. மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், ஆகவே 8 வீதம் இறக்கினால் 15 வீதச் சூடு பிறக்கவே பிறக்காது. சிப் 135 வாட் காட்டியது 113 ஆனது. பழைய கூலரோடு அறையை விட 34 கூட என்று வந்தது. செலவு சதமும் இல்லை. இறக்கும்போது திரையில் புள்ளி புள்ளியாக வந்தால், அல்லது நடுவில் நின்றுபோனால், ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவது சோதனைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பழைய கூலரின் பிளாஸ்டிக் மூடியையும் முனகும் சின்ன ஃபேன்களையும் கழற்றிவிட்டு, மொர்பியஸுக்கென்று வாங்கிய அதே இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேனைப் பழைய ஹீட்சிங்கின் மேலேயே கேபிள் டையால் கட்டினேன். பார்க்க அசிங்கம். ஆனால் நிமிடத்துக்கு 1000 சுற்றில், சத்தமில்லாமல், அறையை விட 30 கூட. அதே ஃபேன், அதே சுற்று, அதே வோல்டேஜில் மொர்பியஸ் 25 கூட. ஆக 12 ஹீட் பைப்புக்கு என்று நான் கொடுத்த காசு வாங்கித் தந்தது 5 டிகிரி. மிச்ச எல்லாம் துப்புரவு, பேஸ்ட், வோல்டேஜ், பெரிய ஃபேன். இரண்டு கூலரிலும் ஒரே ஃபேனை மாட்டிப் பார்த்திருக்காவிட்டால் இது எனக்குத் தெரியவே வந்திராது.

வேகம் கூடியதா என்று கேட்பீர்கள். முதல்நாள் ஆடி வெக்கையில் எக்ஸ்போர்ட் 12 நிமிடம் 25 செக்கன். கழுவிய பழைய கூலரோடு 11:41. மொர்பியஸோடு 11:36. ஐந்து செக்கனில் ஒரு பிளேன்டீ கூட ஊற்ற முடியாது.

இதில் கடைக்காரர் யாரும் சொல்லாத ஒரு வில்லங்கம் உண்டு. கார்டில் சூடாவது நடுவிலுள்ள சிப் மட்டுமில்லை. சுற்றிவர மெமரி, என் கார்டில் எட்டுத் துண்டு, பக்கத்தில் வோல்டேஜைச் சிப்புக்கு ஏற்ப இறக்கிக் கொடுக்கும் விஆர்எம். கார்டோடு வரும் கூலரில் இவற்றையும் தொட்டுக்கொண்டு ஒரு தட்டு இருக்கும். தனிக் கூலரில் சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகளை ஒட்டச் சொல்வார்கள். சிப் 56 என்று நான் துள்ளிய அந்த இரவு விஆர்எம் 94இல் நின்றதை நான் பார்க்கவில்லை, கோப்பில் பிறகுதான் கண்டேன். பழைய கூலரில் அது 79. வோல்டேஜ் இறக்கிய பிறகுதான் மொர்பியஸோடு 83க்கு வந்தது. சோதனை எல்லாம் முடிந்து 5 டிகிரி ஆசையில் மொர்பியஸையே திரும்பப் பூட்டி வைத்திருந்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு ஒட்டிய துண்டொன்று கழன்று விழுந்தது. விழுந்தது கேஸின் அடித்தட்டில். போகிற வழியில் கார்டில் எங்காவது இரண்டு முனையைத் தொட்டிருந்தால் எல்லாமே முடிந்திருக்கும். அன்றைக்கே மொர்பியஸைக் கழற்றினேன். இப்போது கேபிள் டை கட்டிய பழைய கூலர்தான் ஓடுகிறது.

சத்தம் பற்றியும் ஒன்று. அமைதிக்காகக் கூலர் வாங்கலாம் என்பது நல்ல நியாயம்தான், குளிரூட்டிய அறையில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு. நம் வீடுகளில் சீலிங் ஃபேனைப் போட்டதும் கிராபிக்ஸ் கார்டின் சத்தம் அதற்குள் அமிழ்ந்துவிடும். அதை நிறுத்திவிட்டு இருக்க நம்மால் முடியுமா?

இனி உங்கள் 1060. அந்தக் கார்ட் 120 வாட் மட்டும்தான். 83 என்று நீங்கள் காண்பது தற்செயலான எண் இல்லை. என்விடியா அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் பொதுவாக வைத்த எல்லையே 83. அதைத் தொட்டதும் கார்ட் சுமார் 13 மெகாஹேட்ஸ் படிகளாக வேகத்தைக் குறைத்து, 83இலேயே தன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே உங்கள் கார்ட் எவ்வளவு மோசம் என்று 83 சொல்லாது. கூலரைத் திருத்திய பிறகும் 83இலேயே நின்றுகொண்டு வேகம் மட்டும் கூடலாம், "ஒன்றும் மாறவில்லையே" என்று நீங்கள் ஏமாறுவீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று எண்: வேகம், ஃபேன் சுற்று, வெப்பநிலை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபேனை 70 வீதத்தில் நிலையாக வைத்துவிட்டுச் சோதித்தால் குழப்பம் குறையும். வோல்டேஜ் வளைவை (எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) இறக்குவதும் அதிலேயேதான், கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அமர்த்தினால் வளைவு திறக்கும். 900 மில்லிவோல்டில் எவ்வளவு வேகம் தாங்குகிறது என்று பாருங்கள்.

கழற்றும்போது கவனம். ஹீட்சிங்க் வர மறுத்தால் இழுக்காதீர்கள். பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு, மின்சாரத்தைக் கழற்றி, சூடு இருக்கும்போதே மெல்லத் திருகி எடுங்கள். பேஸ்ட் இளகி விட்டுக்கொடுக்கும். பூட்டும்போது நான்கு ஆணியையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிப்புக்கு மேலே மூடி இல்லை, ஒரு பக்கம் அமுங்கினால் ஓரம் உடையும். மெமரிக்கு மேலிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிப்பில்தான் வாங்க வேண்டும். தடிப்புக் கூடினால் சிப்பில் ஹீட்சிங்க் படாது.

கடற்கரைப் பக்கமாக இருந்தால் தூசியோடு உப்பும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது, பழைய பல்துலக்கியும் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் வேண்டும். ஃபேன் செத்திருந்தால் அதன் நடுவில் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து ஃபேனை மட்டும் வரவழைக்கலாம், கூலர் முழுவதும் மாற்றத் தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், அறையைக் கழித்து 45க்கு மேல் வந்தால் எழுதுங்கள். மொர்பியஸ் என் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு கிடக்கிறது. ஆணித் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் கேஸுக்குள் நான்கு ஸ்லாட் (கார்ட் செருகும் இடம்) அளவுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் முதலில் அளந்து சொல்லுங்கள். பொருந்தினால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறேன், சோதித்துப் பார்த்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசலாம்.