மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வாசிக்க வரவில்லை. பள்ளியில் எதை மாற்ற வேண்டும்?

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் ஈடுகட்ட 2021இல் வந்த திட்டம் அது. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வாரம், எல்லாரும் நன்றாகப் படிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பாடப்புத்தகத்தைத் திறந்தால் கடகடவென்று வரும். ஒருநாள் ஒரு பெண் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைக் கையால் மறைத்தேன். அவள் நிறுத்தவே இல்லை! அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லைப் பலகையில் தனியாக எழுதினால் தெரியவில்லை. வகுப்பில் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அதனால், ஒவ்வொரு பிள்ளையும் அதுவரை பார்க்காத நாலு வரியைத் தனியாக ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். நான் முதலில் கேட்பது இதைத்தான். முப்பது பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம், இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் டீச்சரால் முடியாது. மிகவும் திணறுகிற ஐந்தாறு பேரை அவர் தினமும் கேட்கட்டும். மற்றவர்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். எங்கள் மையத்தில் அப்படித்தான் செய்தோம், கேட்ட பெரிய பிள்ளைகளுக்கும் வாசிப்பு தேறியது.

அடுத்தது கொம்பு. 247 எழுத்தையும் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுகிறோம், ஆனால் பிள்ளை தடுக்கி விழுகிற இடம் கெ, கே, கை, கொ. எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ க-வுக்குப் பின்னால் வருகிறது. ஒரு பையன் பஸ் போர்டைப் பார்த்து 'கலமங்கலம்' என்றான். கெலமங்கலத்தில்தான் அவன் மாமா வீடு, ஊர்ப்பெயர் நன்றாகத் தெரியும். க என்று ஒரு அட்டை, கொம்பு ஒரு அட்டை. வைத்தும் எடுத்தும் ஒரு வாரம் அதையே விளையாடினோம். ஊர்ப்பெயர்களே போதும், தேன்கனிக்கோட்டையில் கொம்பும் காலும் எத்தனை இருக்கின்றன பாருங்கள்.

அப்புறம், எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு, இல்லாவிட்டால் கன்னடம். அந்த எழுத்துகளில் கடலின் க வேறு, தங்கத்தின் க வேறு. தமிழில் இரண்டும் ஒன்றே. சொல் தெரிந்த பிள்ளைக்கு வாய் தானாகத் திருத்திக்கொள்ளும், தெரியாத பிள்ளை என்ன செய்யும்? ஒருவன் 'அணில்' என்று சரியாகக் கூட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தான். தெலுங்கில் 'உடுத' என்றதும்தான் சிரித்தான். முதலில் பேச்சில் சொல் வரட்டும், எழுத்து பிறகு.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக, அழகாக இருக்கின்றன. அவற்றைப் பீரோவில் பூட்டாமல், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.