பழைய ரைபிளில் ஸ்கோப் ஆடுகிறதா? முதலில் அடியைப் பாருங்கள்

ஏற்காடு எஸ்டேட் வீடுகளிலும் சேலத்திலும் தாத்தா காலத்து ரைபிளை லைசென்ஸோடு வைத்திருப்பவர்கள் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவது பற்றிக் கேட்டவற்றை இங்கே சேர்த்துவிட்டேன். வனவிலங்குச் சட்டப்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, இதெல்லாம் ரேஞ்சில் இலக்கைச் சுடுவதற்காக மட்டும். கையில் எடுத்ததும் மேகஸினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் (பின்னாலிருந்து தோட்டாவைத் தள்ளி மூடும் தண்டு) திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

.315 ரைபிள். நாலைந்து குண்டுக்குள் குண்டு படும் இடம் நகர்ந்துவிடுகிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் அதைக் கழற்றிவிட்டு பேஸை (ரைபிள் மேல் ஸ்க்ரூவால் பிடித்திருக்கும் அடித்தகடு) கையால் அசைத்துப் பாருங்கள். தளர்வு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கிறது என்பீர்கள், ஆனால் முன்பக்க ஸ்க்ரூ ஒரு நூல் நீளமாக இருந்தாலும் அதன் நுனி கீழே பேரலில் முட்டி நின்றுவிடும், கைக்கு இறுக்கமாகத் தெரியும், பேஸ் மட்டும் பிடிபடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பின்பக்க ஸ்க்ரூ நீளமானால் போல்ட் உரசும். அளவைச் சரிசெய்து, ஓட்டையிலும் ஸ்க்ரூவிலும் பழைய எண்ணெய் துளியும் இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்து, நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டாமல் கழலாது.

ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு இறுக்கம் போதும். ரிங்கைத் தயாரித்த கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பலம் இருக்கிறதென்று ஆலன் கீயைத் திருகினால் குழாய் நசுங்கும். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி மாற்றி மாற்றி இறுக்குங்கள். கடைசியாக ரிங்கிலிருந்து குழாய் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். சுட்டபின் கோடு விட்டுப்போயிருந்தால் குழாய் வழுக்குகிறது. கோடு அப்படியே இருந்து, பேஸும் அசையாமல் இருந்து, குண்டு மட்டும் சிதறினால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம்.

ரிசீவரில் (போல்ட் ஓடும் உடல்பகுதி) பேஸ் மாட்ட ஓட்டையே இல்லை. தெரிந்த லேத் பட்டறையில் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி உரிமம் வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பழைய ரிசீவர்களில் மேல்தோல் மட்டும் கடினமாகப் பதம் போட்டிருப்பார்கள், சாதாரண டிரில் அதில் வழுக்கி ஓடும். ஓட்டை ஒரு மயிரிழை கோணலாக விழுந்தாலும் ஸ்கோப்பில் குறியைச் சரிசெய்யும் திருகு முழுவதையும் ஒரு பக்கமே திருப்பித் தீர்க்க வேண்டி வரும்.

மவுசர் ரைபிளில் போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கிறது. உயரமான ரிங் போடட்டுமா?

இடிப்பது நிற்கும், ஆனால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, தலையைத் தூக்கித் தூக்கிச் சுட்டால் குறி எப்படி நிலைக்கும்? கைப்பிடியை வளைத்து, சேஃப்டியையும் தாழ்வான வகைக்கு மாற்றுவதுதான் வழி. சூடு காட்டும்போது போல்ட்டின் பதம் போய்விடாமல் காப்பவரிடம், உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஏர் ரைபிளுக்கு அதிர்வே இல்லையே, எந்த ஸ்கோப்பும் போதுமா?

ஸ்பிரிங் வகை என்றால் போதாது. அது பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய ரைபிளைத் தாங்கும் ஸ்கோப்பே இதில் உடைந்துபோகும். ஏர் ரைபிளுக்கென்று போட்டிருப்பதை வாங்கி, அது நழுவாமலிருக்கப் பின்னால் ஒரு ஸ்டாப்பரும் வையுங்கள்.

மலையில் பனிக்காலத்தில் கண்ணாடி மங்குகிறது.

வெளியே மங்கினால் துடைத்தால் போய்விடும். உள்ளே மங்கினால் சீல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். துருவுக்குப் பயந்து தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுபிசுத்துப் போய் போல்ட்டையே பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். துணி உறையிலிருந்து வெளியே எடுத்து, பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் ஓவனில் சூடாக்கி உலர்த்தலாம்.