கழிவுநீரில் கலந்துவரும் மருந்து எச்சங்களை முற்றிலும் நீக்க முடியுமா?

மாநகரங்களின் கழிவுநீரில் கலந்துவரும் மருந்து, ஹார்மோன், சலவைப் பொருள் ஆகியவற்றின் எச்சங்களை இன்றைய உயர்நிலைத் தொழில்நுட்பங்களால் நீக்க முடியுமா, முடியுமென்றால் அவற்றுள் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றிலும் நீக்க முடியாது. ஆனால் பெரும்பகுதியை, அதாவது ஐந்தில் நான்கு பங்கை, ஒரு நகரம் தாங்கக்கூடிய செலவில் நீக்க முடியும் என்பதை ஸ்விட்சர்லாந்து நடைமுறையில் காட்டியிருக்கிறது. எந்த முறை சிறந்தது என்பதோ, சுத்திகரித்த நீர் எங்கே போகிறது, பிரித்தெடுத்த மாசு எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே முடிவு செய்யக்கூடியது.

இன்று நம் ஊர்களில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த மாசுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. மலம், உணவுக் கழிவு போன்ற மக்கும் பொருள்களைக் காற்றூட்டத் தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு இரையாக்குவதும், அம்மோனியாவைக் குறைப்பதுமே அவற்றின் வேலை. அந்த வேலையினூடே சில மருந்துகளும் தாமாகவே சிதைந்துவிடுகின்றன. பாரசிட்டமால், ஐபுபுரோஃபென், காப்பியிலிருந்து வரும் காஃபீன் ஆகியவற்றில் பெரும்பகுதி நன்றாக இயங்கும் நிலையத்தைத் தாண்டுவதில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபினோ உள்ளே வந்த அளவிலேயே ஏறக்குறைய வெளியேறிவிடுகிறது. வலி மருந்தான டைக்குளோஃபெனாக்கிலும் பாதிக்கு மேல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு இவை உணவாக அமைவதில்லை என்பதே காரணம்.

லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு, இருப்பதற்காக இவ்வளவு கவலை வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் 260 என்ற எண்ணுடைய ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் பெண் மீனுக்குரிய முட்டைப் புரதம் உண்டானது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீனின் கூட்டம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தே போனது. அளவு சிறியது என்பதற்காக விளைவும் சிறியதாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரைன், ரோன் ஆகிய ஆறுகளின் தலைப்பகுதியில் இருக்கும் அந்த நாடு ஒருவகையில் மேல்மடைக்காரர்; அங்கே விடும் கழிவு கீழேயுள்ள நாடுகளின் குடிநீர் ஆதாரத்தில் போய்ச் சேரும். கூடவே, அந்நாட்டின் சொந்தக் குடிநீரில் கணிசமான பங்கு ஏரிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. சிற்றாறுகள் பலவற்றில் வறண்ட நாள்களில் ஓடுவதில் பெரும்பங்கு சுத்திகரித்த கழிவுநீரே. பல ஆண்டு ஆய்வுக்கும் மாதிரி நிலையச் சோதனைகளுக்கும் பின், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் தேர்ந்தெடுத்த நிலையங்களுக்கு மட்டும் கூடுதல் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. 80,000 பேருக்கு மேல் இணைப்புள்ள பெரிய நிலையங்கள், ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 24,000 பேருக்கு மேல் இணைப்புள்ளவை, சிற்றாற்றில் கழிவுநீரின் பங்கு மிகுதியாக உள்ள இடங்களில் 8,000 பேருக்கு மேல் இணைப்புள்ளவை என வரிசைப்படுத்தினார்கள். எல்லா நிலையங்களிலும் செய்வதாகச் சொல்லி எங்குமே செய்யாமல் விடுவதைவிட, பலன் மிகுந்த இடத்தில் முதலில் செய்வது எவ்வளவோ மேல். நம் நாட்டுத் திட்டங்களில் இந்தத் தெளிவைத்தான் நான் பெரிதும் எதிர்பார்க்கிறேன்.

பணத்துக்கும் அதே சட்டத்தில் வழி செய்தார்கள். நிலையத்தில் இணைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலித்து ஒரு நிதியம் அமைத்து, கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை அதிலிருந்து தருகிறார்கள். ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை அளப்பது நடவாத காரியம் என்பதால், டைக்குளோஃபெனாக், கார்பமசெபின், ரத்த அழுத்தக்காரர்களுக்குப் பழக்கமான ஹைட்ரோகுளோரோதையசைடு, பாத்திரம் கழுவும் இயந்திரங்களுக்கான சோப்பில் சேரும் பென்சோட்ரையசோல் உள்ளிட்ட 12 பொருள்களை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். நிலையத்துக்குள் வருவதோடு ஒப்பிடும்போது இவை சராசரியாக 80 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். சூரிச்சுக்கு அருகில் உள்ள டூபன்டார்ஃப் நகரின் நொய்குட் நிலையம் 2014-இல் முழு அளவிலான ஓசோன் சுத்திகரிப்பைத் தொடங்கியது. அந்நாட்டில் அதுவே முதலாவது.

மூன்று முறைகளில் முதலாவது, ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவமான ஓசோன் வாயு. அது வேலை செய்யும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். திரவ ஆக்சிஜன் தொட்டியிலிருந்து வரும் வாயுவை உயர் மின்னழுத்தத்தில் செலுத்தி ஓசோனாக மாற்றி, ஆழமான மூடிய தொட்டியின் அடியில் உள்ள நுண்துளைத் தட்டுகள் வழியே மெல்லிய குமிழ்களாக நீருக்குள் விடுகிறார்கள். நீர் அந்தத் தொட்டியில் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தங்குகிறது. கார்பமசெபின் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்பையும் டைக்குளோஃபெனாக்கில் உள்ள அமீன் தொகுதியையும் ஓசோன் நொடிகளில் தாக்கி உடைத்துவிடுகிறது. மேலே மிஞ்சும் வாயுவை அப்படியே வெளியே விட முடியாது. அது நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் தனிக் கருவியில் சிதைத்த பிறகே வெளியேற்ற வேண்டும். எவ்வளவு ஓசோன் தேவை என்பதை நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளின் அளவு முடிவு செய்கிறது. ஒரு கிராம் கரைந்த கரிமத்துக்குச் சுமார் 0.6 கிராம் ஓசோன் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 5 மில்லிகிராம் கரிமம் உள்ள நல்ல நீருக்கு 3 மில்லிகிராம் ஓசோன் போதும்.

கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஓர் இடம் இங்கேதான் உள்ளது. காற்றூட்டத் தொட்டியில் அம்மோனியா முழுமையாக நைட்ரேட்டாக மாறாமல் பாதியில் நின்றால் நைட்ரைட் மிஞ்சும். நைட்ரைட்டாக உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் 3.4 மில்லிகிராம் ஓசோனை விழுங்கிவிடும். மேலே சொன்ன 3 மில்லிகிராம் ஓசோன் முழுவதும் அதற்கே போதாது. மருந்து எச்சத்தைத் தொடவே ஓசோன் மிஞ்சாது. அதாவது, கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய ஓசோன் இயந்திரம் பலன் தருமா என்பதை அதற்கு முந்தைய தொட்டியில் காற்றடிக்கும் பம்ப் ஒழுங்காக ஓடியதா என்பதே தீர்மானிக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஊதுகுழல் இயந்திரத்தை இரவில் நிறுத்திவைக்கும் நிலையத்தில் ஓசோனைப் பொருத்துவது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன்.

ஓசோன் மூலக்கூறை உடைக்கிறதே தவிர, அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் முற்றாக எரித்துவிடுவதில்லை. உடைந்த துண்டுகளில் பலவற்றை நுண்ணுயிர்கள் எளிதாக உண்ணும் என்பதால், அடுத்து மணல் வடிகட்டி ஒன்றை வைத்து அதிலே அவற்றைச் சிதைய விடுகிறார்கள். இந்த மணல் படுகையைச் செலவு கருதி விட்டுவிடக் கூடாது. இன்னொரு ஆபத்து புரோமைடு என்னும் உப்புப் பொருள். அது நீரில் இருந்தால் ஓசோன் அதைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் புரோமேட்டாக மாற்றும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. கடலோர நகரங்களில் விரிசல் விட்ட பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குள் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கசிந்தால்கூடப் புரோமைடு லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டிவிடும். அந்நிலையில் ஓசோனைத் தேர்ந்தெடுக்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது முறை, ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கிளர்வுற்ற கரி. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர். மருந்து மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் கரித்தூளைக் கலந்து, பின்னர் கசடோடு சேர்த்துப் பிரித்தெடுப்பது ஒரு வகை. குருணைக் கரியைப் படுகையாக அமைத்து நீரை அதன் வழியே விடுவது இன்னொரு வகை. இதில் துணை வேதிப்பொருள் உண்டாகும் அச்சம் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் மாசு அழிவதில்லை, கரிக்கு இடம் மாறுகிறது. ஸ்விட்சர்லாந்தில் சாக்கடைக் கசடை வயலில் போடத் தடை இருப்பதால், கரித்தூளும் கசடோடு சேர்ந்து உலையில் எரிந்துவிடுகிறது. காய்ந்த கசடை உரமாக அள்ளிச் செல்லும் ஊரில் இதே முறையைக் கடைப்பிடித்தால், ஆற்றுக்குப் போகவிருந்த மாசை வயலுக்கு அனுப்பியதாக ஆகும். அந்த ஊருக்குக் குருணைக் கரிப் படுகைதான் பொருந்தும், ஏனெனில் அதை எடுத்து உலையில் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, நம் வீடுகளிலேயே பழக்கமான ஆர்.ஓ. முறை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தொடங்கிய, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள், கழிவுநீரை அல்ட்ராஃபில்ட்ரேஷன், ஆர்.ஓ. ஆகியவற்றின் வழியே செலுத்தித் தொழிற்சாலைகளுக்கு வழங்குகின்றன. தொழிற்சாலைக்கு நன்னீரை அனுப்பாமல் குடிநீராகச் சேமிக்க முடிகிறது என்ற அளவில் இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். இந்த இரண்டு சவ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அல்ட்ராஃபில்ட்ரேஷன் பாக்டீரியாவைத் தடுக்கும். அதன் துளைகளோடு ஒப்பிட்டால் மருந்து மூலக்கூறு மிகச் சிறியது, ஆதலால் தடையின்றிக் கடந்துவிடும். தெளிந்த நீர் வருகிறது என்பதை வைத்து மருந்து எச்சம் போய்விட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆர்.ஓ. சவ்வு பெரும்பாலான மருந்துகளைத் தடுக்கிறது. ஆனால் உள்ளே போன நூறு லிட்டரில் சுமார் 75 லிட்டர் நல்ல நீராக வந்தால், மீதி 25 லிட்டரில் தடுக்கப்பட்ட எல்லாம் நான்கு மடங்கு செறிவோடு நிற்கும். அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலோ கடலிலோ விட்டால், சூழல் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. மின்செலவும் ஓசோனுக்கு ஆவதைவிடப் பல மடங்கு. எனவே நீரை மறுபயன்பாட்டுக்கு எடுப்பதானால் ஆர்.ஓ. சரி, ஆற்றைக் காப்பது மட்டுமே நோக்கமென்றால் ஓசோனோ கரியோ போதும்.

இவற்றுக்கெல்லாம் பிடிகொடுக்காத பொருள்களும் உண்டு. ஒட்டாத வாணலி, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை போன்றவற்றின் வழியே வரும் ஃபுளோரின் சேர்மங்களான பி.எஃப்.ஏ.எஸ். வகையில் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு ஓசோனுக்கு உடைவதில்லை. நீண்ட சங்கிலி உடையவற்றைக் கரி ஓரளவு பிடிக்கும், குறுகியவை விரைவில் நழுவிவிடும். சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது உடலில் ஏற்றும் அயோடின் மருந்துகளும் ஓசோனுக்கு எளிதில் மசிவதில்லை. இத்தகையவற்றைக் குழாயின் கடைசியில் நின்று பிடிக்க முயல்வதைவிட, உற்பத்தியிலும் பயன்பாட்டிலும் கட்டுப்படுத்துவதே வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய கழிவுநீர்ச் சட்டம், பெரிய நிலையங்களில் இந்தக் கூடுதல் சுத்திகரிப்பை 2045-க்குள் படிப்படியாகக் கட்டாயமாக்குவதோடு, அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனப் பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது. மருந்துத் துறையினர் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். மாசை உண்டாக்கும் பொருளை விற்பவர் அதை நீக்கும் செலவில் பங்கேற்பது நியாயம் என்பதே என் கருத்து.

தமிழ்நாட்டு நகரம் ஒன்றுக்கு இன்று எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். முதலில், சாக்கடை நீர் முழுவதும் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். வாய்க்காலில் நேரே விழும் நீருக்கு எந்த ஓசோனும் உதவாது. அடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஆண்டு முழுதும் நிலையாகக் குறைந்திருக்கும்படி காற்றூட்டத் தொட்டியை நடத்த வேண்டும். இதனாலேயே சிதையக்கூடிய மருந்துகளும் இன்னும் கொஞ்சம் குறையும். அதன் பிறகு, குடிநீர் எடுக்கும் ஏரிக்கோ ஆற்றுக்கோ மேற்புறத்தில் நீரை விடும் நிலையங்களை அடையாளம் கண்டு, அங்கே மட்டும் குருணைக் கரிப் படுகையிலிருந்து தொடங்கலாம். உங்கள் ஊர் நிலையத்தைப் பற்றி அறிய விரும்பினால், எந்த இயந்திரம் வாங்கப் போகிறார்கள் என்பதற்கு முன்பாக, வெளியேறும் நீரில் கடந்த ஓராண்டின் நைட்ரைட் அளவு என்ன, கசடு எங்கே போகிறது என்ற இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்குங்கள்.