புரோவான்ஸில் சைக்கிள் பயணம்: எந்தப் பருவம் நல்லது?

தெற்கு பிரான்சின் புரோவான்ஸுக்கு சைக்கிளோடு எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு மே மாதத்துக்கு, அது முடியாவிட்டால் செப்டம்பருக்கு.

லாவெண்டர் வயலைப் பார்த்தே தீருவேன் என்றால் ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் வலன்சோல் ஊர்ப் பக்கம் போங்கள். ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். விடிந்ததும் கிளம்பி 11 மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

வெயிலைவிடப் பெரிய வில்லன் மிஸ்த்ரால் காற்று. ரோன் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து இறங்கும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதிகம். எதிர்க்காற்றில் மாட்டினால் இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கும். பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னலைக் காண்பதே அரிது, அவ்வளவு பயம்! அதனால் பாதையை வடக்கிலிருந்து தெற்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றம் ஏற ஆசை என்றால் அங்கே வோந்து மலை இருக்கிறது; உயரம் 1,900 மீட்டருக்கு மேல். பெடுவான் ஊரிலிருந்து சுமார் 21 கி.மீ. ஏற்றம். குளிர்காலத்தில் உச்சிச் சாலையைப் பனி மூடிவிடும். மே மாதத்திலும் இறங்கும்போது குளிரும், ஜாக்கெட் அவசியம்.

ஏற்றமே வேண்டாமா? சரி, ஆப்ட் ஊரருகே பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை இருக்கிறது. வழியில் ரோமானியர் கட்டிய ஜூலியன் பாலம்; 2005 வரை அதில் கார்கள் ஓடின.