11 மணிக்கு எழும்பும் பிள்ளை

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் இருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. அப்பா, அம்மா, மகன், கூடவே ஒரு பெரியப்பா. மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ போக, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. "படிப்பு போனால் போகட்டும் சேர், இவனிடம் ஒரு நல்ல பழக்கமும் இல்லை. பகல் 11 மணிக்கு எழும்புகிறான்" என்று அம்மா கண்கலங்கினார். பெரியப்பா கையோடு மருந்தும் கொண்டுவந்திருந்தார்: பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த தனியார் கல்லூரியில் பொறியியல் பட்டம். "சேர்த்துவிட்டால் பொறுப்பு தானாக வரும்."

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் நிறுத்திவிட்டேன்.

கட்டணம் கட்டியதால் பொறுப்பு வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. கட்டணத்தில் ஒரு பகுதி பிரித்தானியப் பவுணில் வேறு. 2022 மார்ச்சில் 200 ரூபாயில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. பவுணும் கூடவே ஏறியது. அப்போது பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகள் வந்து அழுத கதிரையில்தான் பெரியப்பா அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை வங்கியில் வைத்து இதைச் செய்யாதீர்கள் என்று அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

பிறகு மகனிடம் கேட்டேன்: "தம்பி, எந்த நாளிலாவது நீயாக எழும்புவாயா?" வெட்கத்தோடு சொன்னான்: கீழ்வீட்டு அண்ணா ஏசி திருத்தப் போகும் நாட்களில் 6 மணிக்கே தயாராம். ஃபில்டர் கழுவுவது, குழாயில் வாயு கசிகிறதா என்று சவர்க்கார நுரை வைத்துப் பார்ப்பது எல்லாம் தெரியுமாம். அம்மாவுக்கு இது புதுச்செய்தி. பழக்கம் இல்லாத பிள்ளையல்ல இவன். மற்ற நாட்களில் காலையில் இவனை யாரும் எதிர்பார்த்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் எண்ணிப்பார்க்காத வழி ஒன்று இருக்கிறது: தொழில் பயிலுநராகச் சேர்வது. நைட்டா என்று எல்லோரும் சொல்லும் அரச அதிகாரசபை, பிள்ளையை ஒரு பணித்தலத்தில் பயிலுநராகச் சேர்த்துவிடும். காலையில் வேலைத்தளம், மேலே ஒரு மேற்பார்வையாளர், கையில் சிறு கொடுப்பனவு. எனக்குப் பிடித்தது அவர்கள் எழுதவைக்கும் தினக்குறிப்பேடு. இன்று எந்த இயந்திரம், என்ன பழுது, எந்தக் கருவி என்று தன் கையெழுத்தில் எழுதி, வேண்டிய இடத்தில் படமும் வரையவேண்டும். மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திடுவார். போகாத நாளின் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். அம்மா ஏசத் தேவையில்லை. வேலைத்தளத்தில் சிங்களம்தான் ஓடும். டியூஷனில் வராத சிங்களம் ஸ்பானர் கேட்டு வாங்கும்போது வந்துவிடும்.

"மெக்கானிக்காகவா?" என்றார் பெரியப்பா. தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே இரத்மலானையில் யுனிவோடெக் என்ற அரச பல்கலைக்கழகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம். ஆகவே பட்டம் எங்கும் ஓடிப்போகவில்லை. எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், எந்த மட்டத்தில் சேரலாம் என்பதை மட்டும் விண்ணப்பிக்க முன் நேரில் கேளுங்கள்.

பட்டத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையின் கை எங்கே போகிறதென்று தெரிந்தும் அவனை வேறு திசையில் தள்ளாதீர்கள் என்கிறேன்.

போகும்போது தம்பியிடம் ஒரு சீஆர் கொப்பி கொடுத்தேன். இரண்டு வாரம் கீழ்வீட்டு அண்ணாவோடு போய், ஒவ்வொரு நாளும் செய்ததை எழுதிக்கொண்டு வரவேண்டும். அதுவரை வங்கியில் எதிலும் கையெழுத்து வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அடுத்தமுறை மூன்று பேர் வந்தால் போதும் என்றும் சொன்னேன். பெரியப்பா எழுந்து முதலில் வெளியே போனார்.