சாங்கியில் வாங்கும் ‘சிங்கப்பூர்ப் பொருள்’: மெர்லயனை நம்பலாமா?

கேள்வி: அடுத்த மாதம் திருச்சிக்குப் போகிறோம். சொந்தக்காரர்களுக்குச் சாக்லேட்டையே எத்தனை முறை கொடுப்பது? சிங்கப்பூரிலேயே செய்த, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருளாக விமான நிலையத்தில் வாங்க ஆசை. எதை எடுத்தாலும் சிங்கத் தலையும் மீன் உடலுமாக இருக்கும் மெர்லயன் சின்னத்தின் படம் இருக்கிறது. எதை நம்புவது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: மெர்லயன் பக்கத்தை விடுங்கள், பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘டிசைன்ட் இன் சிங்கப்பூர்’ என்றால் வரைந்தது மட்டுமே இங்கே. ‘பேக்ட் இன்’ என்றால் எங்கோ செய்ததை இங்கே பையில் அடைத்திருக்கிறார்கள். ‘டிஸ்ட்ரிபியூட்டட் பை’ என்பதற்குக் கீழே உள்ளூர் முகவரி இருக்கும். அது விற்பவரின் முகவரி, செய்தவருடையது அல்ல. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ‘மேட் இன் சிங்கப்பூர்’ என்றோ, ‘மேனுஃபேக்சர்ட் பை’ என்று போட்டு உள்ளூர்த் தொழிற்சாலை முகவரியோ இருந்தால்தான் வேலை இங்கே நடந்தது என்று கொள்ளலாம்.

2020இல் வந்த ‘மேட் வித் பேஷன்’ முத்திரை உள்ளூர் நிறுவனங்களுக்குத் தரப்படுவது. அந்தப் பொருள் எந்த ஊரில் தயாரானது என்பதற்கு அது சான்றாகாது. வெளியூரில் செய்தாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளூர்ப் பரிசுப்பொருள் கடையான சூப்பர்மாமாவின் ‘சிங்கப்பூர் ஐகான்ஸ்’ பீங்கான் தட்டுகள் 2013இல் அதிபர் வடிவமைப்பு விருது பெற்றவை. வடிவம் இங்கே, சூளை ஜப்பானின் அரிட்டாவில். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. அப்படி வெளிப்படையாகச் சொல்லும் கடையில் தாராளமாக வாங்கலாம்.

உணவுப்பொருளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த நாட்டு உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. காயாவை (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) இங்கே கிண்டினாலும் தேங்காய் கடல் கடந்துதான் வரும். கோப்பித்தூளும் அப்படியே: கொட்டை வெளிநாடு, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் கைப்பக்குவம் நம்முடையது. என் கணக்கில் இவை உள்ளூர்ப் பொருள்களே.

பசுமை விஷயத்துக்கு வருவோம். இலைப் படமும் ‘இக்கோ’ என்ற சொல்லும் அச்சடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பசுமை முத்திரை 1992 முதல் இருக்கிறது. ஆனால் அதைக் காகிதம், துப்புரவுப் பொருள் போன்றவற்றில்தான் அதிகம் காண்பீர்கள், நினைவுப் பொருள்களில் தேடிப் பயனில்லை. பிஸ்கட் பெட்டியில், பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டு மரம் என்பதைக் காட்டும் ‘எஃப்எஸ்சி’ மரக்குறி இருந்தால் அது அட்டைக்கு உரியது, பிஸ்கட்டுக்கு அல்ல. பிஸ்கட்டில் பாமாயில் இருந்தால் நீடித்த நிலையான பாமாயிலுக்குத் தரப்படும் ‘ஆர்எஸ்பிஓ’ குறியைப் பாருங்கள்.

இன்னொன்று, துணிப்பை. ‘பசுமைப் பரிசு’ என்று எல்லாரும் கொடுப்பது அதைத்தான். 2018இல் டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே, ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகச் சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். அத்தை வீட்டில் ஏற்கெனவே பத்து மஞ்சள் பை தொங்கும். தேவையா?

கேள்வி: பாத்தேக் துணி வாங்கலாமா? அசலா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பொங்கோல் வாசகி)

பதில்: முந்தானையைப் பார்ப்பதுபோல மறுபக்கத்தைப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயத்தில் தோய்த்த துணியில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெல்லிய ரேயானில் அச்சு மையும் ஊடுருவிவிடுவதால் இது மட்டும் போதாது. ஒரே பூவை நான்கு இடத்தில் ஒப்பிடுங்கள். கையால் வரைந்ததில் நான்கும் நான்கு விதமாக இருக்கும்; செப்பு அச்சால் மெழுகு ஒற்றியதில் அச்சு சேரும் இடம் இம்மி விலகியிருக்கும்; இயந்திர அச்சில் நான்கும் துளி மாறாமல் ஒன்றுபோலவே இருக்கும். மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழைபோல் சாயம் ஓடியிருந்தால் நல்ல அறிகுறி. துணி இந்தோனீசியாவின் ஜாவாவிலோ மலேசியாவின் கிளந்தானிலோ தயாராகி இங்கே தைக்கப்பட்டிருக்கலாம், கடையில் கேளுங்கள். பாலியெஸ்டர் என்றால் வைத்துவிடுங்கள். துவைக்கும்போதெல்லாம் நுண்பிளாஸ்டிக் இழை உதிரும்.

கேள்வி: ஜுவலில் வாங்கிய காயா பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் வாங்கியதுதானே? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ஜுவல் கடைத்தொகுதி விமான நிலைய வளாகத்தில் இருந்தாலும் குடிநுழைவுச் சோதனைக்கு (கடப்பிதழ் பார்க்கும் இடம்) வெளியே இருக்கிறது. அங்கே வாங்கினாலும் ஊருக்குள் தேக்கா கடைத்தெருவில் வாங்கினாலும் ஒன்றுதான். காயா, சம்பல், லக்சா விழுது எல்லாம் திரவக் கணக்கு. கைப்பையில் ஒரு பாட்டில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. பாதி காலியான பெரிய பாட்டிலும் செல்லாது, கொள்ளளவுதான் கணக்கு. ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் முன்பே ஜுவலுக்குப் போய்வாருங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, பெட்டியின் ஓரத்தில் வைக்காமல் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

குடிநுழைவைத் தாண்டி வாங்கினால் கடைக்காரர், பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரையிட்ட பையில் போட்டு, ரசீது வெளியே தெரிய ஒட்டித் தர வேண்டும். முனையம் 1, 2, 3இல் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலில் நடப்பதால், அந்தப் பை இல்லாவிட்டால் பாட்டில் அங்கேயே போய்விடும். கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மாறிப் போகிறவர்கள் ஊர் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா? (ஜூரோங் வாசகி)

பதில்: சுற்றுப்பயணியாக வந்திருந்தால் கிடைக்கும். குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் இருப்போருக்குக் கிடையாது. வரி 9 விழுக்காடு. குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்க வேண்டும். ஒரே கடையின் ஒரே நாள் ரசீதுகள் மூன்று வரை சேர்க்கலாம். அம்மாவே கடைக்கு வந்து அசல் கடப்பிதழைக் காட்ட வேண்டும், நகல் செல்லாது. வாங்கி இரண்டு மாதத்துக்குள் நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல வேண்டும். பொருள் பெட்டியில் போவதானால், பெட்டியை ஒப்படைக்கும் முன் புறப்பாட்டுக் கூடத்து இயந்திரத்தில் விண்ணப்பியுங்கள். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டி போனபின் எதைக் காட்டுவது?